இணையக் கருத்துக்கணிப்பு: அரசியல்வாதியின் காதில் எது விழும், எது விழாது?

புதுச்சேரியில் நாங்கள் குடியிருக்கும் தெருவுக்குக் குப்பை வண்டி காலையில் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது பற்றி, தெருவாசிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை வாக்கெடுப்பு நடந்தது. ஆறரை மணி, எட்டரை மணி என்று இரண்டே விடைகள். ஒரே நாளில் நாற்பது பேர் வரை வாக்களித்தார்கள். ஆறரை மணி பெரும் வித்தியாசத்தில் வென்றது. அந்தத் திரையைப் படமெடுத்துக்கொண்டு இருவர் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போனார்கள். அவர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "உங்க வீட்ல குப்பையைக் கொண்டுபோய் வண்டியில கொட்டறது யாரு?" போனவர்கள் இருவரும் ஆண்கள். இருவர் வீட்டிலும் அந்த வேலையைச் செய்வது அவர்கள் இல்லை. செய்கிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் குழுவிலேயே இல்லை.

இணையத்தில் கருத்துக்கணிப்பு நடத்தி அரசியல்வாதிகளை ஏதாவது செய்ய வைக்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் குப்பை வண்டிக் கதையைத்தான். முடியும். ஆனால் எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதைக் காட்டிலும், யாரிடம் கேட்கப்பட்டது, கேட்கப்படாமல் விடுபட்டவர் யார் என்பதற்கே அங்கே மதிப்பு. கைப்பேசித் திரையில் ஏறிக்கொண்டே போகும் எண்ணைப் பார்த்து மயங்குகிறவர்கள் நாம்தான். வாக்குக் கேட்டே வாழ்க்கை நடத்தும் ஒருவர் அவ்வளவு எளிதில் மயங்குவதில்லை.

எண்ணுவது வேறு, கணிப்பது வேறு

தமிழில் வாக்கெடுப்பு, கருத்துக்கணிப்பு என இரண்டு சொற்கள் இருப்பது இந்த விஷயத்தில் நமக்கு வசதியாக இருக்கிறது. வாக்கெடுப்பில் வந்து சேர்ந்த வாக்குகளை எண்ணுகிறோம். எண்ணி வந்ததே முடிவு. கணிப்பு அப்படிப்பட்டதன்று. கையில் கிடைத்த சிலரின் பதில்களிலிருந்து, கேட்கப்படாத பல ஆயிரம் பேரின் மனநிலையை மதிப்பிடுவதுதான் கணிப்பு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இதற்கு நம் வீட்டு உதாரணம். ஆனால் அந்த ஒரு சோறு பானை முழுவதற்கும் சாட்சி சொல்ல வேண்டுமானால், பானையிலுள்ள எந்தச் சோறும் கரண்டியில் ஏறியிருக்கக்கூடும் என்ற நிலை இருக்க வேண்டும். மேலாக மட்டும் அள்ளிப் பார்க்கிறவருக்கு அடிப்பிடித்தது தெரியாது. செய்தித் தளங்களிலும், எக்ஸ், யூடியூப், வாட்ஸ்அப் போன்றவற்றிலும் நாம் தட்டிவிட்டுப் போகும் கேள்விகளில் பெரும்பாலானவை மேலாக அள்ளப்பட்டவை. பெயர் கருத்துக்கணிப்பு, உள்ளே இருப்பது வந்தவர்களின் எண்ணிக்கை.

இதற்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டப்படும் பழைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1936இல் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தபோது, லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலட்டைகளை அனுப்பியது. ஏறத்தாழ 23 லட்சம் பேர் பதில் எழுதினார்கள். அவற்றைக் கூட்டிப் பார்த்து, ஆல்ஃப் லாண்டன் எளிதாக வெல்வார் என்று இதழ் அறிவித்தது. உண்மையில் அப்போது ஆட்சியிலிருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அன்றிருந்த 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றினார். அதே தேர்தலில் ஜார்ஜ் காலப் என்பவர் அந்த எண்ணிக்கையில் மிகச் சிறிய பங்குள்ள மாதிரியை வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொன்னார். இதழ் தன் முகவரிகளை எடுத்தது தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியல்களிலிருந்தும். பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய அந்த ஆண்டுகளில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு, அட்டை கிடைத்தவர்களிலும் ஆட்சியின் மேல் கோபம் கொண்டவர்களே அதிக ஆர்வத்தோடு திருப்பி அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளில் அந்த இதழே நின்றுபோனது.

இது அஞ்சலட்டைக் காலத்துத் தவறு, கணினிக் காலத்தில் நடக்காது என்று நினைக்கத் தோன்றும். 2021இல் அமெரிக்காவில் எத்தனை பேர் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள் என்று அறிய, கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஃபேஸ்புக் பயனர்களிடம் வாரந்தோறும் சுமார் 2,50,000 பதில்களைத் திரட்டியது. அந்த ஆண்டு மே மாதம் அதன் கணிப்பு உண்மை அளவைவிட 17 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. அதே காலத்தில் சுமார் ஆயிரம் பேரிடம் மட்டும், ஆனால் முறையாகத் தேர்ந்தெடுத்துக் கேட்ட வேறொரு கணிப்பு உண்மைக்கு நெருக்கமாக வந்தது. இதை ஆராய்ந்தவர்கள் பின்னர் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையின் முடிவு தலையைச் சுற்ற வைப்பது: இரண்டரை லட்சம் பேரின் பதில், குலுக்கல் முறையில் எடுத்த வெறும் பத்துப் பேரின் பதிலைவிடத் துல்லியமாக இல்லாமல் போக முடியும். ஒரு பக்கம் சாய்ந்த தராசில் எத்தனை முறை நிறுத்தாலும் அதே தவறுதான் திரும்பத் திரும்ப வரும். நிறுத்தவருக்கு நம்பிக்கைதான் கூடும்.

அப்படியானால் எத்தனை பேரிடம் கேட்டால் போதும்? குலுக்கல் முறையில், அதாவது தொகுதியிலுள்ள ஒவ்வொருவருக்கும் சமமான வாய்ப்பு இருக்கும்படி தேர்ந்தெடுத்தால், 400 பேரின் பதில் உண்மையிலிருந்து ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளிகள் வரை கூடியோ குறைந்தோ இருக்கும். நூறு முறை இப்படிச் செய்தால் 95 முறை அந்த வரம்புக்குள் விழும் என்பது இதன் பொருள். ஆயிரம் பேரிடம் கேட்டால் பிழை வரம்பு சுமார் 3 புள்ளிகளாகக் குறையும். பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும். தொகுதியில் 30,000 பேர் இருந்தாலும், மூன்று கோடிப் பேர் இருந்தாலும் கணக்கு அதிகம் மாறாது என்பதுதான் புதிதாகக் கற்பவர்களுக்கு நம்ப முடியாததாக இருக்கும். பானை பெரிதானால் கரண்டியும் பெரிதாக வேண்டியதில்லை, கிளறியிருந்தால் போதும்.

கடற்கரைச் சாலையில் ஒரு கற்பனைக் கணிப்பு

நமக்குப் பழகிய இடத்தில் வைத்து இதைப் பார்ப்போம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை. இந்தத் தடையை நாள் முழுவதும் நீட்டிக்கலாமா என்று ஒருவர் இணையத்தில் கேள்வி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சனி, ஞாயிறு நாள்களில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து போகிறவர்கள் ஆர்வத்தோடு ஆதரித்து வாக்களிப்பார்கள். அவர்களுக்கு அந்தச் சாலை நடப்பதற்கும் படமெடுப்பதற்குமான இடம். காலை நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களும் ஆதரிப்பார்கள். அதே சாலையில் உள்ள தலைமைச் செயலகத்துக்குத் தினமும் ஸ்கூட்டரில் வரும் ஊழியர் வேறு மாதிரி நினைக்கலாம். சுண்டல் விற்கிறவருக்கு நடப்பவர் கூட்டம் லாபம், ஆனால் சரக்கைக் கொண்டுவந்து இறக்க வண்டி வேண்டும். வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பகுதிகளில் இருக்கிறவர்களுக்கோ அது அன்றாட வழி. பத்தாயிரம் வாக்குகள் குவிந்தால்கூட, இந்தப் பிரிவினர் எந்த விகிதத்தில் வாக்களித்தார்கள் என்று தெரியாதவரை அந்தப் பத்தாயிரத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. கடலூரிலிருந்து வேலைக்கும் மருத்துவமனைக்கும் தினமும் வந்து போகிறவர்கள் வாக்களித்திருந்தால், அவர்களின் கருத்து நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் புதுச்சேரி சட்டமன்ற உறுப்பினருக்கு அவர்களிடம் வாக்கு இல்லை.

இந்தக் கோணலை ஓரளவு நிமிர்த்த ஒரு வழி இருக்கிறது. அதற்கு எடையிடுதல் என்று பெயர். புதுச்சேரி வாக்காளர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். சுமார் 53 சதவீதம். நம் கற்பனைக் கணிப்பில் ஆயிரம் பேர் வாக்களித்ததில் 800 பேர் ஆண்கள், 200 பேர் மட்டுமே பெண்கள் என்று கொள்வோம். ஆண்களில் 70 சதவீதமும் பெண்களில் 30 சதவீதமும் தடையை ஆதரிக்கிறார்கள் என்றும் கொள்வோம். நேராகக் கூட்டினால் 560, 60 ஆக மொத்தம் 620 பேர், அதாவது 62 சதவீத ஆதரவு. ஆனால் ஆண்களின் பதிலுக்கு 47 பங்கும் பெண்களின் பதிலுக்கு 53 பங்கும் எடை கொடுத்துத் திரும்பக் கணக்கிட்டால் ஆதரவு 48.8 சதவீதம். வெற்றி என்று அறிவித்தது தோல்வியாகிவிட்டது. ஒருவர்கூடத் தன் மனத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

எடையிடுவதும் எல்லா நோய்க்கும் மருந்தாகாது. கணிப்புக்கு வந்த 200 பெண்கள், வராத பெண்களைப் போன்றவர்கள்தானா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கைப்பேசியைத் தனக்கென்று வைத்திருக்கும், இணைப்பைத் திறந்து பார்க்க நேரமிருக்கும் பெண்ணின் பதிலை எடுத்து, கணவரின் கைப்பேசியைக் கேட்டு வாங்கிப் பேசும் பெண்ணின் பதிலாக நாம் பெருக்கிக் காட்டுகிறோம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மற்ற மூன்று வட்டாரங்களை எடுத்துக்கொண்டால் இன்னொரு சிக்கல் சேரும். காரைக்காலில் தமிழ், மாகேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. தமிழில் மட்டும் கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டு 'புதுச்சேரி மக்கள் சொல்கிறார்கள்' என்று பேசுவது சரியாகாது.

கேள்வியை எழுதுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'மாசில்லாத கடற்கரைக்காக வாகனங்களைத் தடை செய்ய வேண்டும் என்பதை ஏற்கிறீர்களா?' என்று கேட்டால் இல்லை என்று சொல்பவர் மாசை ஆதரிப்பவராகிவிடுகிறார். 'வாகனத் தடையும் கடைகளுக்குக் கட்டுப்பாடும் தேவையா?' என்று கேட்டால் ஒன்றை வேண்டும், மற்றதை வேண்டாம் என்பவர் எதைத் தட்டுவார்? 'கருத்து இல்லை' என்ற விடையை வைக்காமல் விடுவதும் ஒரு வகையில் ஏமாற்றுதான். நான் பார்த்தவரை, இணையக் கணிப்புகளில் பாதி முடிவு கேள்வியை எழுதும்போதே எழுதப்பட்டுவிடுகிறது. அரசியல்வாதிகளுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களும் இப்படிக் கேள்விகளை எழுத ஆள் வைத்திருக்கிறார்கள்.

விளையாட்டாகத் தட்டுகிறவர்களையும் மறந்துவிடக் கூடாது. 2016இல் பிரிட்டனின் இயற்கைச் சூழல் ஆராய்ச்சி மன்றம், தன் புதிய துருவ ஆய்வுக் கப்பலுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று இணையத்தில் மக்களைக் கேட்டது. 'போட்டி மெக்போட்ஃபேஸ்' என்ற கேலிப் பெயர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளோடு முதலிடம் பிடித்தது. கடைசியில் கப்பலுக்கு இயற்கை ஆவணப்பட அறிஞர் டேவிட் அட்டன்பரோவின் பெயரை வைத்துவிட்டு, கப்பலில் இருந்த ஆளில்லா நீர்மூழ்கிக்குக் கேலிப் பெயரைச் சூட்டிச் சமாளித்தார்கள். அங்கே சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு கட்சியின் இணையப் பிரிவு இணைப்பைத் தன் குழுக்களிலெல்லாம் பகிர்ந்து, ஒரே இரவில் முடிவைத் தலைகீழாக்கும்போது சிரிக்க முடியாது. ஒரு கைப்பேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பி ஒரே வாக்கு என்று கட்டுப்படுத்தினால் ஒருவரே பலமுறை தட்டுவதைக் குறைக்கலாம். திரட்டிக் கொண்டுவரப்பட்ட கூட்டத்தை அதனால் தடுக்க முடியாது.

எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள்

இப்போது மேசையின் மறுபக்கத்துக்குப் போவோம். புதுச்சேரி சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்கள் 30 பேர். வாக்காளர்கள் சுமார் 10 லட்சம். ஆக, ஒரு தொகுதிக்குச் சராசரியாக 33,000 பேர். தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதி இதைப்போலப் பல மடங்கு பெரியது. இவ்வளவு சிறிய தொகுதியில் உறுப்பினருக்குத் தெருத்தெருவாக ஆட்களைத் தெரியும்; காலையில் அவர் வீட்டு வாசலில் நிற்பவர்களே அவருக்கு அன்றாடக் கருத்துக்கணிப்பு. அந்த வாசலில் முதியோர் ஓய்வூதியம் கேட்டும், குடும்ப அட்டை கேட்டும், பள்ளியில் இடம் கேட்டும் ஆள்கள் வருவார்கள். ஆனால் பொதுவான கோரிக்கை ஒன்றுக்காக ஒருவர் தனியாக வந்து நிற்பது அரிது. வாசலில் வந்து நிற்காதவர்களின் மனத்தை, நம்பும்படியான முறையில் அவர் முன் வைப்பதுதான் இணையக் கணிப்பு செய்யக்கூடிய வேலை. அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொன்னால் அவர் தலையசைப்பார். தெரியாததை ஆதாரத்தோடு சொன்னால்தான் நிமிர்ந்து உட்காருவார்.

இந்த ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது. அடுத்தது 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்த பிறகு மீண்டும் பல ஆண்டுகளாகத் தேர்தல் இல்லை. கடலூரில் தெருவிளக்குக்கு மாமன்ற உறுப்பினரிடம் போகலாம். இங்கே அதற்கும் சட்டமன்ற உறுப்பினர், இல்லையென்றால் அதிகாரி. இடைப்படி இல்லாத மாடி இது. மக்களின் கருத்தைக் கேட்பதற்கென்று அமைந்த ஏற்பாடு குறைவாக இருக்கும் இடத்தில், மக்களே கேட்டுத் தொகுத்துக் கொடுப்பதற்கு மதிப்பு கூடுகிறது.

அரசியல்வாதி எண்ணிக்கையை எப்படிப் படிப்பார் என்பதற்கு இந்தியாவில் நடந்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சம்பந்தப்பட்டது. டிராய் அரசியல்வாதி அன்று, ஆனாலும் பாடம் ஒன்றே. 2015 மார்ச்சில் இணையச் சமநிலை, அதாவது எல்லா இணையச் சேவைகளையும் பாகுபாடின்றி ஒரே மாதிரி நடத்துவது, தொடர்பாக 20 கேள்விகளை முன்வைத்து ஆணையம் மக்களின் கருத்தைக் கேட்டது. சேவ் தி இன்டர்நெட் என்ற இயக்கம் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடைகளை எழுதி, அவற்றை அப்படியே அல்லது மாற்றி மின்னஞ்சலில் அனுப்ப வழி செய்து கொடுத்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போய்ச் சேர்ந்தன. விஷயம் நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், சில இணையச் சேவைகளை மட்டும் இலவசமாகத் தருவது சரியா என்று ஆணையம் மறுபடியும் கேட்டபோது, ஃபேஸ்புக் நிறுவனம் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தை ஆதரிக்கும் ஆயத்த வாசகத்தைப் பயனர்களின் திரையில் காட்டி, ஒரு பொத்தானை அழுத்தி அனுப்பச் சொன்னது. மொத்தம் சுமார் 24 லட்சம் பதில்கள் குவிந்தன. பெரும்பாலானவை இந்த ஆயத்த வாசகங்கள்.

எண்ணிக்கைதான் எல்லாம் என்றால் ஃபேஸ்புக் வென்றிருக்க வேண்டும். ஆனால் ஆணையம் கேட்ட குறிப்பான கேள்விகளுக்கு அந்த வாசகம் விடை சொல்லவில்லை. கலந்தாய்வைப் பெரும்பான்மையைக் காட்டி மிரட்டும், திட்டமிட்டு நடத்தப்படும் ஒரு கருத்துக்கணிப்பாக மாற்றிவிடக் கூடாது என்ற பொருளில் ஆணையம் 2016 ஜனவரியில் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியது. பிப்ரவரி 8 அன்று இணையச் சேவைக்குச் சேவை வேறுபடும் பாகுபாடான கட்டணங்களுக்குத் தடை வந்தது. இரண்டு பக்கமும் ஆள் திரட்டியதுதான், இரண்டு பக்கமும் ஆயத்த வாசகம் கொடுத்ததுதான். ஒரு பக்கம் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது என்பதுதான் வேறுபாடு. முடிவெடுக்கிறவர் மேசையில் எந்தக் கேள்வி கிடக்கிறதோ அதற்குப் பயன்படும் விடையே அவருக்குத் தேவை. 'கடற்கரைச் சாலை அழகாக இருக்க வேண்டும்' என்று 95 சதவீதம் பேர் சொன்னார்கள் என்றால் அதை வைத்து அவர் என்ன செய்வார்? 'பகல் தடை வந்தால் எந்தத் தெருவில் வண்டியை நிறுத்துவீர்கள், எத்தனை நிமிடம் நடக்கத் தயார்' என்று கேட்டுத் தொகுத்திருந்தால், அது போக்குவரத்துக் காவலரோடு அவர் பேசுவதற்கு உதவும்.

அந்த 2015 நிகழ்ச்சியில் இன்னொரு பகுதியும் இருக்கிறது. கருத்து அனுப்பிய லட்சக்கணக்கானவர்களின் மின்னஞ்சல் முகவரிகள் அந்த ஆண்டு ஏப்ரலில் டிராய் தளத்தில் அப்படியே வெளியிடப்பட்டன. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை. இது தொழில்நுட்பச் சங்கடம் மட்டுமன்று. அரசு ஊழியர் குடும்பங்கள் நிறைந்த புதுச்சேரி போன்ற ஊரில், தன் பெயரும் எண்ணும் எங்கே போகும் என்று தெரியாத ஒருவர் உண்மையான பதிலைத் தர மாட்டார். தந்தால் பொய்யான பதிலைத் தருவார், அல்லது பேசாமல் இருந்துவிடுவார். வாட்ஸ்அப் குழு வாக்கெடுப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்பதைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? ஒருவர் ஒருமுறைதான் வாக்களித்தார் என்று உறுதிசெய்ய எண் தேவை. அவர் அச்சமின்றிச் சொல்ல எண் இருக்கக் கூடாது. வாக்குச்சாவடியில் இந்த முரண்பாட்டை விரல் மையும் மறைவிடமும் தீர்த்து வைக்கின்றன. இணையத்தில், அடையாளத்தைச் சரிபார்க்கும் பட்டியலையும் விடைகளின் பட்டியலையும் தனித்தனியாக வைத்து, வேலை முடிந்ததும் முதல் பட்டியலை அழித்துவிடுவதுதான் சாதாரண மக்களால் செய்யக்கூடியது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் ஒப்புதல் பெறுவதும், தேவைக்கு மேல் வைத்திருக்காமல் இருப்பதும்தான்.

பட்டியல் என்றதும் கீழூர் நினைவுக்கு வருகிறது. 1954 அக்டோபர் 18 அன்று, புதுச்சேரிக்கு மேற்கே உள்ள அந்தக் கிராமத்தில் பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் பிரதிநிதிகள் கூடி இந்தியாவோடு இணைவது பற்றி வாக்களித்தார்கள். மொத்தம் 178 பேர். ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஐந்து ஆண்டுகளுக்கு முன், வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் மக்களே நேரடியாக வாக்களித்தார்கள். இங்கே பிரதிநிதிகள் மட்டும். மக்களை நேரடியாகக் கேட்டிருக்க வேண்டாமா என்று விவாதிக்கலாம். ஆனால் 178 என்ற எண் எங்கிருந்து வந்தது, அதில் யார் யார் அடக்கம் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. இன்று ஐம்பதாயிரம் பேர் தட்டிய இணைய வாக்கெடுப்பில், எத்தனை பேரில் ஐம்பதாயிரம் என்று கேட்டால் நடத்தியவரிடமே விடை இருக்காது.

மனுவும் உரையாடலும்

கருத்துக்கணிப்போடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் மற்றொன்று இணைய மனு. மனுவில் கையெழுத்திடுகிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கம். எதிர்ப்பவர்களுக்கு அங்கே இடமில்லை. எனவே அது மக்கள் எப்படிப் பிரிந்திருக்கிறார்கள் என்று சொல்லாது, ஒரு தரப்பின் வேகத்தை மட்டுமே சொல்லும். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மனுத் தளத்தில் 10,000 கையெழுத்து வந்தால் அரசு பதில் சொல்லும். 1,00,000 வந்தால் விவாதத்துக்குப் பரிசீலிக்கப்படும். 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் முடிவைக் கைவிடக் கோரிய மனுவுக்கு 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. விவாதமும் நடந்தது. பிரிட்டன் வெளியேறியது. நம் நாட்டில் 2014 ஜூலையில் தொடங்கப்பட்ட மைகவ் என்ற அரசுத் தளத்தில் கருத்துச் சொல்லலாம், வாக்களிக்கலாம். ஆனால் இத்தனை பேர் சொன்னால் அரசு இதைச் செய்தாக வேண்டும் என்ற வரம்பு அங்கே இல்லை.

தைவான் வேறொரு வழியில் போனது. 2015இல் ஊபர் வாடகை வாகனச் சேவையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று விவாதிக்க அங்கே போலிஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். பெயர்தான் போலிஸ், காவல்துறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒருவர் எழுதும் வாசகத்தை மற்றவர்கள் ஏற்கலாம், மறுக்கலாம், கடந்து போகலாம். ஆனால் பதில் எழுத முடியாது. ஆகவே சண்டைக்கு வழியில்லை. எந்தெந்தக் குழுக்கள் எதில் பிரிகின்றன, எதில் எல்லோரும் சேர்கிறார்கள் என்பதை மென்பொருள் வரைபடமாகக் காட்டும். ஊபர் ஓட்டுநர்களும் டாக்ஸி ஓட்டுநர்களும் பயணிகளும் ஒத்துப்போன புள்ளிகள் விதிகளுக்கு அடிப்படையாயின. சண்டே மார்க்கெட் கடைகளை எங்கே வைப்பது என்பது போன்ற, இரண்டுக்கு மேற்பட்ட தரப்புகள் உள்ள விஷயங்களுக்கு ஆம், இல்லை என்ற வாக்கெடுப்பைவிட இதுவே பொருத்தம் என்பது என் எண்ணம்.

நாமே நடத்துவதென்றால்

ஒரு தொகுதி அளவில் முறையாகச் செய்ய விரும்புகிறவர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து தொடங்கலாம். தேர்தல் துறையின் தளத்தில் அது கிடைக்கிறது. தொகுதியில் 30,000 பெயர்கள் இருந்து, 400 பேர் தேவை என்றால், 75க்கு ஒருவர். ஒன்றிலிருந்து 75 வரை எழுதிய சீட்டுகளில் ஒன்றைக் குலுக்கி எடுங்கள். 31 வந்தால் 31ஆவது பெயர், 106ஆவது, 181ஆவது என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்த 400 பேரின் வீட்டுக்கும் போய், கேள்வி உள்ள படிவத்தை அவர்கள் கைப்பேசியிலோ நம் கைப்பேசியிலோ திறந்து கொடுத்து, அவர்களே நிரப்பும்வரை தள்ளி நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்டுவிடலாம் என்ற ஆசை வரும். கூடாது, இன்னொரு நாள் போக வேண்டும். பக்கத்து வீட்டில் பகலில் இருப்பவர் என்பதே ஒரு தனி வகை. பத்துப் பேர் இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடக்கூடிய வேலை இது. இணையம் இங்கே பதிலைத் தொகுக்கவும் கூட்டவும் உதவுகிறது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அதனிடம் விடவில்லை.

முடிவைக் கொடுக்கும்போது கேள்வியின் முழு வாசகம், கேட்ட நாள்கள், அணுகியவர்கள் எத்தனை, பதில் சொன்னவர்கள் எத்தனை, பிழை வரம்பு எவ்வளவு ஆகியவை ஒரே தாளில் இருக்கட்டும். 52க்கு 48 என்று வந்தால், மக்கள் சரிபாதியாக இருக்கிறார்கள் என்று எழுதுவதே நேர்மை. 5 புள்ளிப் பிழை வரம்புக்குள் 4 புள்ளி முன்னிலை எதையும் நிறுவாது. உறுப்பினரிடம் மட்டுமன்றி எதிர்க்கட்சிக்காரரிடமும் உள்ளூர்ச் செய்தியாளரிடமும் அதே தாளைக் கொடுங்கள். மற்றவர் கையிலும் அது இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதற்குப் பதில் வரும். தேர்தல் காலத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு, தேர்தல் ஆணையம் அறிவிக்கும் காலத்தில் வாக்குக் கணிப்பு (வாக்களித்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் கேட்டு எடுப்பது) நடத்துவதையும் வெளியிடுவதையும் தடுக்கிறது, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் தேர்தல் பற்றிய கருத்துக்கணிப்பு முடிவுகளை மின்னணு ஊடகத்தில் வெளியிடவும் தடை உண்டு.

பழுத்த நிறுவனங்களும் சறுக்குகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கூட்டணியே வெல்லும் என்றன கணிப்புகள், தோற்றது. 2024இல் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கும் மேல் என்று பல வாக்குக் கணிப்புகள் சொன்னபோது, வந்தது 293. பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த நிலை என்பதால்தான் நம் தாளில் பிழை வரம்பை மறைக்காமல் எழுத வேண்டும் என்கிறேன்.

எங்கள் தெருவில் இரண்டாம் முறை வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு, வீட்டு எண்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு வீட்டிலும் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுகிறவர் யாரோ அவரிடம் மட்டும் கேட்டார்கள். ஆறரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும் நேரம், அடுப்பில் பால் இருக்கும் நேரம், யார் வாசலுக்கு ஓடுவது என்றார்கள் பெரும்பாலோர். சில வீடுகளில் கொட்டுவது வேலைக்கு வரும் அம்மா. அவர் வருவதே எட்டு மணிக்குத்தான். இந்த முறை உறுப்பினர் தாளை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார். வண்டி இப்போது எட்டே காலுக்கு வருகிறது, ஞாயிற்றுக்கிழமை தவிர.